ரியல் ஆடியோ கோப்புகளை மீட்க எஃப்எஃப்எம்பெக்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் 212 ரியல் ஆடியோ கோப்புகள் கிடந்தன. இணைய வானொலிகளில் வந்த பேட்டிகள், சொற்பொழிவுகள், எல்லாம் டயல்-அப் காலத்தில் ஒவ்வொன்றாக இறக்கிச் சேர்த்தவை. இப்போது போனில் எதுவும் திறக்கவில்லை, அதனால் போன மாதம் உட்கார்ந்து அத்தனையையும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு மாற்றி முடித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோப்பை மாற்றித் தர ஆயிரம் மென்பொருள் உண்டு, ஆனால் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒளிக்காமல் காட்டுவதால்தான் இது எனக்குப் பிடித்துப்போனது.

இதற்கு முன்னால் கோப்பை ஏற்றினால் எம்பி3 ஆக்கித் தரும் இணையதளம் ஒன்றில் மூன்று கோப்புகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று பிழை என்றது. இன்னொன்று திரும்பி வந்தது, ஆனால் முழுக்க மௌனம். மூன்றாவது ஒழுங்காக வந்தது, ஆனால் 320 கிலோபிட் எம்பி3 ஆக. மூலக் கோப்பு விநாடிக்கு 8 கிலோபிட்தான்! அளவு 40 மடங்கு வீங்கியதே தவிர, ஒலியில் ஒரு துளிகூடக் கூடவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

ரியல் ஆடியோ என்பது ஒரே வடிவம் இல்லை. ப்ரோக்ரஸிவ் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் (பின்னால் ரியல்நெட்வொர்க்ஸ் என்று பெயர் மாறியது) 1995 ஏப்ரலில் இதை வெளியிட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு பதிப்பிலும் புதுப்புது கோடெக்குகள் (ஒலியைச் சுருக்கி மீண்டும் விரிக்கும் முறைகள்) சேர்ந்துகொண்டே போயின. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டு மட்டும் அநேகமாக அப்படியே. அதாவது ஒரே மாதிரி டப்பா, உள்ளே சரக்கு வேறு. பின்னொட்டை மட்டும் நம்புகிற மென்பொருள் இங்கேதான் தடுமாறுகிறது.

எஃப்எஃப்எம்பெக்கோடு எஃப்எஃப்ப்ரோப் என்ற சிறு கருவி ஒன்றும் சேர்ந்தே வருகிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் கோடெக் எது, சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது) எவ்வளவு, மோனோவா ஸ்டீரியோவா, பிட்ரேட் (விநாடிக்கு எத்தனை பிட்) என்ன என்று இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிடும். 212 கோப்புகளையும் முதலில் இதில்தான் ஓட்டினேன். 137 கோப்புகளில் 'குக்' கோடெக், 38இல் '14.4', 24இல் '28.8', நான்கில் 'சிப்ரோ'. மிச்சம் ஒன்பதைத் திறக்கவே முடியவில்லை என்றது.

அந்த ஒன்பதும் ராம் என்ற பின்னொட்டு உள்ளவை. அளவைப் பார்த்தால் நூறு பைட்கூட இல்லை. நோட்பேடில் திறந்தேன், ஒரே ஒரு வரி, ஒரு சர்வர் முகவரி. ராம் கோப்பில் ஒலியே கிடையாது, ஒலி இருக்கும் இடத்தைக் காட்டும் சீட்டு மட்டும்தான். அந்த சர்வர்கள் எப்போதோ மறைந்துவிட்டன. இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தது வெறும் முகவரியை என்று தெரிந்தபோது மனசு கனத்துவிட்டது. உங்களிடமும் ராம் கோப்புகள் இருந்தால், மாற்றும் முயற்சியில் நேரம் செலவழிப்பதற்கு முன் ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள்.

சரி, மாற்றும் வேலைக்கு வருவோம். எஃப்எஃப்எம்பெக்கில் பொத்தான்களோ விண்டோவோ இல்லை, கமாண்ட் தட்ட வேண்டும். மூலக் கோப்பின் பெயர், புதுக் கோப்பின் பெயர், அவ்வளவுதான் அடிப்படை. புதுப் பெயரின் பின்னொட்டைப் பார்த்தே எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்று புரிந்துகொள்ளும். நான் தேர்ந்தெடுத்தது ஃப்ளாக், ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் வடிவம். மூலமே நிறைய இழந்த ஒலி, அதை எம்பி3 ஆக்கினால் இன்னொரு முறை இழக்கும். ஃப்ளாக்கில் அந்த இரண்டாவது இழப்பு இல்லை. ஆனால் ஒரு சிக்கல். குக் கோப்புகளை அப்படியே மாற்றினால் ஃப்ளாக் 24 பிட்டில் வந்து நிற்கிறது, ஏனென்றால் குக் டிகோடர் (சுருக்கிய ஒலியை விரிக்கும் பகுதி) ஒலியைத் தசம எண்களாக வெளியே தருகிறது, எஃப்எஃப்எம்பெக் அதில் எதையும் விடக்கூடாது என்று பெரிய அளவைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. 32 கிலோபிட் பேச்சுக்கு 24 பிட் எதற்கு? சாம்பிள் ஃபார்மட் எஸ்16 (அதாவது 16 பிட்) என்று ஒரு ஆப்ஷன் சேர்த்ததும் கோப்பு கணிசமாக இளைத்தது, காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கோப்புகளில் ஒரே நிகழ்ச்சி இரண்டு மூன்று பிட்ரேட்டில் பதிவாகியிருக்கும். மோடம் வேகத்துக்குத் தகுந்தபடி அனுப்புவதற்காக ஷ்யூர்ஸ்ட்ரீம் என்று வைத்திருந்த ஏற்பாடு அது. எஃப்எஃப்எம்பெக்கிடம் எதுவும் சொல்லாமல் விட்டால் சானல் அதிகமுள்ள தடத்தை எடுக்கும், எல்லாமே மோனோ என்றால் பெரும்பாலும் முதலில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். என்னுடைய ஒரு பேட்டியில் முதல் தடம்தான் மோசமானது. எஃப்எஃப்ப்ரோப் பட்டியலைப் பார்த்து, மேப் ஆப்ஷனில் இரண்டாவது தடத்தின் எண்ணைக் கொடுத்து மறுபடி எடுத்தேன். அப்போதுதான் பேசுகிறவர் காகிதம் புரட்டுவதும், தம்ளரை மேசையில் வைப்பதும்கூடக் காதில் விழுந்தது. பட்டியலைப் பார்க்காமல் விட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

14.4 கோப்புகளிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 20 மில்லிவிநாடிப் பேச்சுக்கு 20 பைட், ஒரு மணி நேரம் முழுக்க 3.6 மெகாபைட்டில் அடங்கிவிடுகிறது. சாம்பிள் ரேட் 8000 ஹெர்ட்ஸ், அதனால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே பதிவாகவில்லை. 'ஸ'வும் 'ஷ'வும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். எந்தக் கன்வெர்ட்டரும் அதைத் திருப்பித் தர முடியாது. ஆனால் குரல் இருக்கிறது, பேச்சு முழுக்கப் புரிகிறது. 14.4 கிலோபிட் மோடத்தில் இது ஓடியது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

குறைகள் என்றால், பிழைச் செய்திகள் புதியவர்களைப் பயமுறுத்தும், ஆப்ஷன்கள் ஏராளம். கமாண்ட் வேண்டாம் என்பவர்கள் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைச் சேர்த்துக்கொண்டு இதே கோப்புகளைத் திறக்கலாம், ஐந்தாறு கோப்புகளுக்கு அதுவே போதும். 200 கோப்பு என்றால் கமாண்டை ஒவ்வொரு கோப்புக்கும் தானாகத் திரும்ப ஓடும் ஒரு சிறு லூப்பில் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், அங்கேதான் எஃப்எஃப்எம்பெக் ஜெயிக்கிறது. 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம், இன்றும் இலவசம், இன்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். யாரும் இப்போது உருவாக்காத ஒரு வடிவத்துக்கான டிகோடர்களைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதற்கே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பாதியில் அறுந்த கோப்பு ஒன்றும் இருந்தது, இறக்கும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஹெடரில் (கோப்பின் தொடக்கக் குறிப்பில்) 30 நிமிடம் என்று இருக்கிறது, வந்தது 17 நிமிடம். அதிலும் கடைசிச் சில விநாடிகள் கிடைக்காது, ஏனென்றால் குக் கோப்பில் ஒலித் துண்டுகளைக் கலைத்துப்போட்டுத்தான் அடுக்கியிருப்பார்கள், வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் ஒரே இடத்தில் பெரிய ஓட்டை விழாமல் இருப்பதற்காக. கடைசி அடுக்கு முழுதாக வராவிட்டால் அதை ஒழுங்குபடுத்தவே முடியாது. எஃப்எஃப்எம்பெக் எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு இருந்தவரைக்கும் எடுத்துக் கொடுத்தது. 17 நிமிடமும் சுத்தமாகக் கேட்கிறது, ஒரு கேள்வியின் நடுவில் நிற்கிறது.