ஒரு வீடு, எட்டுப் பேர், ஓர் இரவு: 'கோஹிரன்ஸ்'

ஜேம்ஸ் வார்ட் பைர்கிட் இயக்கி 2013இல் வெளிவந்த 'கோஹிரன்ஸ்', ஏறத்தாழ 50,000 டாலர் செலவில் இயக்குநரின் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுக்கப்பட்டது என்பதை அறிந்துகொண்டு பார்த்தாலும் அச்சம் சற்றும் குறைவதில்லை. வால்நட்சத்திரம் ஒன்று பூமியைக் கடக்கும் இரவில் விருந்துக்குக் கூடிய எட்டு நண்பர்களில் சிலர், மின்சாரம் போனதும், தெருவில் விளக்கெரியும் ஒரே வீட்டைத் தேடிச் செல்கிறார்கள். நீல ஒளிக்குச்சிகளோடு கிளம்பியவர்கள் இருட்டில் சிவப்பு ஒளிக்குச்சிகள் ஏந்தி நிற்பவர்களைக் காணும் இடம்தான் படத்தின் உச்சம் என்பேன். பேய் என்று எதுவும் இல்லை. முழுத் திரைக்கதையைத் தராமல், அன்றன்றைக்குத் தத்தம் பாத்திரத்துக்கான குறிப்புகளை மட்டுமே நடிகர்களிடம் கொடுத்ததால், அவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதும் திடுக்கிடுவதும் நடிப்பாகவே தெரியவில்லை. கேமரா அடிக்கடி ஆடுவதும், தொடக்கக் காட்சிகள் வெறும் அரட்டையாக நகர்வதும் சிலருக்குச் சலிப்பூட்டலாம். ஆனால் அந்த அரட்டையில் போகிறபோக்கில் தலைகாட்டும் பழைய காதலும் பொறாமையும் பின்னால் கணக்குத் தீர்க்க வருகின்றன. இது பிடித்தவர்கள், ஆவணப்பட பாணியில் அமைந்த 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் படமான 'லேக் மங்கோ'வையும் தேடிப் பார்க்கலாம்; அதில் வரும் கைப்பேசிக் காணொளியை மட்டும் நள்ளிரவில் தனியாகப் பார்க்க வேண்டாம்.