யார்க்‌ஷயரின் பழைய கிராமம்: ரைடேலா, வாரம் பெர்சி கிராமமா?

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் அந்தக்காலக் கிராம வாழ்க்கையைப் பார்க்க நல்ல இடங்கள் இரண்டு. ஒன்று, ஹட்டன்-லி-ஹோல் ஊரில் 1964-இல் திறந்த ரைடேல் நாட்டுப்புற அருங்காட்சியகம். மற்றது, ஆளொழிந்து போன வாரம் பெர்சி கிராமம். இரண்டுக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், வாரம் பெர்சிக்குப் போங்கள் என்பேன்.

ரைடேல் மட்டம் என்று சொல்ல வரவில்லை. சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். டான்பியிலிருந்து வந்த ஸ்டாங் எண்ட் வீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். வளைந்த பெரிய மரங்களை ஜோடி ஜோடியாக எதிரெதிரே சாய்த்து உச்சியில் சேர்த்திருப்பார்கள். கூரையின் பாரம் சுவரில் இறங்காமல் மரத்தின் வழியே தரைக்குப் போய்விடும். அடுப்பை ஒட்டிய தூணில் பெருக்கல் குறி செதுக்கியிருக்கும். சூனியக்காரி அதைத் தாண்டி வரமாட்டாள் என்பது நம்பிக்கையாம். இப்படிப்பட்ட தூண்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்து வீடுகளில்தான் கிடைத்திருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ரைடேல்தான் சரி.

வாரம் பெர்சியில் முதலில் கண்ணில் படுவது புல்வெளியும் மேடுபள்ளங்களும்தான். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் கரடுமுரடான பாதையில் நடக்க வேண்டும். கட்டணம் இல்லை, கடை கண்ணியும் இல்லை. ஆனால் அந்த மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வீட்டு மனை. வரலாற்றாய்வாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு, தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் இருவரும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் இங்கே அகழாய்வு நடத்தினார்கள். கிடைத்த எலும்புக்கூடுகள் ஏறத்தாழ 700. தாய்மார்கள் ஒன்றரை வயது வரையாவது பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள் என்பதுவரை அந்த எலும்புகளை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஊர் அழிந்தது கொள்ளைநோயால் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மை வேறு. 1349-இன் பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகும் இங்கே மக்கள் உழுது பிழைத்தார்கள். கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால், ஆடு மேய்ப்பதற்காக நிலவுடைமையாளர்களான ஹில்டன் குடும்பத்தினர் 1500 வாக்கில் எஞ்சியிருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். நோயைவிட இந்தக் காரணம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

கூரையில்லாத புனித மார்ட்டின் தேவாலயத்தின் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கல்வைத்து அடைத்த வளைவுகள் தெரியும். ஊர் பெருகியபோது பக்கவாட்டில் இடம் சேர்த்துக் கட்டினார்கள், ஆள் குறைந்ததும் அதை இடித்து வளைவுகளை அடைத்துவிட்டார்கள். கிராமத்தின் ஏற்ற இறக்கம் ஒரே சுவரில் பதிந்து கிடக்கிறது. ரைடேலில் வீடு முழுசாக இருக்கிறது, ஆனால் அது நின்ற மண் அங்கே இல்லை. இங்கே மண் அப்படியே இருக்கிறது.

அப்புறம், நடுப்பகலில் போகாதீர்கள். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போனால்தான் நிழல் விழுந்து மனைகளின் வரப்பும் தெருவும் தெளிவாகத் தெரியும்.