நாய்க்கு லைசென்ஸ்: 50 ரூபாய்தான், தள்ளிப்போடாதீர்கள்

எங்கள் மணிக்கு (நாட்டு நாய், 4 வயது) சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் ஆன்லைனில் எடுத்தேன், திருப்திதான். ரேபிஸ் ஊசிச் சான்றிதழ், முகவரிச் சான்று, படங்கள் ஏற்றிவிட்டு 50 ரூபாய் கட்டினால் சரி. ஒரு கடையில் இதற்கே 500 கேட்டார்கள், கொடுக்காதீர்கள். இப்போது மைக்ரோசிப்பும் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சிப்) கட்டாயம். வருடா வருடம் புதுப்பிக்கணும்.

அப்புறம், உரிமம் கையில் இருக்கிறதே என்று நாயை அவிழ்த்துவிட வேண்டாம், நாயால் பிறர் உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியாவின் குற்றவியல் தண்டனைச் சட்டம்) 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எங்கள் தெருவில் குழந்தைகள் அதிகம், கயிறு கட்டாமல் மணியை நான் கேட்டைத் தாண்ட விடுவதே இல்லை.