உப்பைக் குறைத்துச் சாப்பிட்டு ஒரு வருடம்: மெலியாமல் சமாளித்த விதம்

பிரஷருக்காக உப்பைக் குறைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும், அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. எனக்குத் தொல்லை தந்தது எடை. கருவாட்டுப் பொரியலும் ஊறுகாயும் அப்பளமும் போனதும் சோறு இறங்கவில்லை, பாதிக் கோப்பையோடு எழும்பிவிடுவேன். ஏற்கெனவே ஒல்லியான உடம்பு, காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி, சோடியக் கணக்கில் 2000 மில்லிகிராம். பைக்கற்றில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு வந்துவிடும்.

முதலில் பிட்டு மாவிலும் இடியப்ப மாவிலும் உப்பை நிறுத்தினோம். சொதியோ கறியோ விட்டுச் சாப்பிடும்போது வித்தியாசமே தெரியவில்லை. மிச்சம் பிடித்த உப்பு சம்பலுக்குப் போகிறது. அதையும் அரைக்கும்போது போடாமல் கடைசியில் தேசிக்காய்ப் புளியோடு தூவினால் கொஞ்சத்திலேயே சுவை எடுபடும். மாசி கிடையாது. பாண்தான் ஏமாற்றுக்காரன்: வாயில் உப்புக் கரிக்காது, ஆனால் 100 கிராமில் 400 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். சூப் கட்டி, நூடில்ஸ் தூள் பக்கம் போவதே இல்லை.

திருகோணமலையில் பச்சை மீனுக்குப் பஞ்சமில்லாதது பெரிய உதவி. சூரையைப் பழப்புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டு வற்றவைத்தால் கருவாடு நினைவுக்கு வராது. சரி, வரும், ஆனால் சமாளிக்கலாம்.

எடையை மீட்டுத் தந்தவை மூன்று. பிட்டில் தேங்காய்ப்பூவைக் கூட்டினேன்: 100 கிராமில் 350 கலோரி அளவில் இருக்கிறது, சோடியமோ 20 மில்லிகிராம்தான். கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், கறியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் கூட விட்டாலே 120 கலோரி வரும். அடுத்தது கச்சான். உப்புப் போட்டு வறுத்ததை விட்டு, பச்சையாக வாங்கி வீட்டில் வறுக்கிறோம். பின்னேரம் ஒரு பிடி. இரவில் எருமைத் தயிரும் வாழைப்பழமும். பசியில்லாத நாளிலும் தயிர் இறங்கிவிடுகிறது.

எடை திரும்பிவிட்டது. பிரஷரும் இறங்கியிருக்கிறது. குளிசையும் போடுவதால் முழுப் புகழையும் சாப்பாட்டுக்குக் கொடுக்க மாட்டேன். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. சோற்றையும் தயிரையும் கூடப் போட்டுக்கொண்டு, கறியைத் தொட்டுக்கொள்வதோடு சரி.

அப்புறம், சோடியம் குறைந்த மாற்று உப்பு வாங்க நினைப்பவர்களுக்கு: அதில் பொட்டாசியம் குளோரைட்டு கலந்திருக்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் சில பிரஷர் குளிசைகள் எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். டொக்டரிடம் குளிசைப் பட்டியலைக் காட்டிக் கேட்காமல் வாங்காதீர்கள்.