காரின் ஷாக் அப்ஸார்பர் ஒழுகுகிறதா? துடைத்துவிட்டு ஓட்டலாமா, பிரித்துச் சரிசெய்யலாமா, புதிதாகப் போடலாமா

மார்ச் மாத மதியம், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். இரண்டாவது செஷன் முடிந்து கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டுக்குள் வந்து நின்றேன். டயர் பிரஷர் பார்க்கக் குனிந்த தம்பி, "அண்ணே, பின்னாடி லெஃப்ட் ஷாக் ஈரமா இருக்கு" என்றான். பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட். வாரநாளில் வீட்டு வாசலில் தூங்கும், மாதம் ஒரு நாள் டிராக்கில் ஓடும். விரலால் தொட்டேன், சுட்டது. எடுத்துப் பார்த்தால் விரல் நுனி எண்ணெயில் மினுங்கியது.

அன்று பிட்டில் நின்றிருந்த நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள். அதில் சில தப்பு. எது தப்பு என்று எனக்குப் புரிய இரண்டு வருடமும் மூன்று ஜோடி ஷாக்கும் ஆயின.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஷாக் ஈரமாக இருந்தாலே அது லீக் இல்லை. ஷாக்கின் குழாய்க்குள் போய்வரும் ராடு மேலும் கீழும் போகும்போது, எண்ணெயை உள்ளே தடுத்து வைக்கும் ஆயில் சீல் காய்ந்துவிடாமல் இருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று கூடவே வெளியே வரும். அதில் தூசி ஒட்டி, ஷாக்கின் மேல்பகுதி மங்கலாகக் கறுத்துத் தெரியும். அதை விட்டுவிடலாம். குழாயின் அடிவரை ஈரம் இறங்கியிருந்தால், கீழே போல்ட் நுழையும் வளையத்தில் சொட்டு தொங்கினால், அதுதான் லீக்.

சந்தேகமாக இருந்தால், நன்றாகத் துடைத்துவிட்டு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, நாலு லேப் (டிராக்கில் நாலு சுற்று) ஓட்டிவிட்டுப் பாருங்கள். எண்ணெய் எங்கிருந்து இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

அந்த எண்ணெய் ஷாக்கிலிருந்துதான் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தில் சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்தால் கறுப்பு கிரீஸ் சுற்றிலும் சிதறி, ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த முன்பக்க ஷாக்) மேலேயும் ஒட்டும். பிரேக் ஹோஸ் கசிந்தாலும் அதே இடம்தான் நனையும். பிரேக் ஆயில் என்றால் தண்ணீர் விட்டால் கரையும், பெயின்ட்டை அரிக்கும். அப்படி இருந்தால் ஷாக் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, காரையும் நிறுத்துங்கள். பில்ஸ்டீன் கம்பெனி செய்வது மாதிரி தலைகீழாக வைக்கும் மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஸ்ட்ரட்டில் இன்னொரு குழப்பம் உண்டு: உள்ளே வைத்த கிரீஸ் மேல் விளிம்பில் பிதுங்கும். அதை லீக் என்று நினைத்து நல்ல ஸ்ட்ரட்டைக் கழற்றிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உண்மையிலேயே லீக்தான் என்று வைத்துக்கொள்வோம்.

துடைத்துவிட்டு ஓட்டுவது என்பதுதான் முதலில் வந்த யோசனை. "இன்னும் ஒரு செஷன்தானே" என்றார் ஒருவர். ஆஃபீஸ் போய்வரும் காரில் இது ஒரு மாதம்கூடத் தாங்கும். டிராக்கில் கதை வேறு. சாதாரண ஷாக் பெரும்பாலும் இரட்டைக் குழாய்: உள்குழாயில் பிஸ்டன் வேலை செய்யும், வெளிக்குழாயில் மீதி எண்ணெயும் கொஞ்சம் வாயுவும் இருக்கும். எண்ணெய் மட்டம் இறங்க இறங்க, வாயு எண்ணெயோடு கலந்து நுரைக்கும். அந்த நுரை பிஸ்டன் வால்வில் அதிக எதிர்ப்பு இல்லாமல் நழுவிப் போய்விடும். முதல் இரண்டு லேப் ஒன்றும் தெரியாது. மூன்றாவது லேப்பில், டிராக்கின் முதல் வளைவான சி1 போன்ற வேகமான வளைவில் ஆக்ஸிலரேட்டரை லேசாக விட்டதும் பின்பக்கம் ஒரு தடவை ஆடி அடங்க வேண்டியது மூன்று தடவை ஆடும். எனக்கு ஆடியது. எண்ணெய் டயரில் பட்டால் நமக்கு ஆபத்து, தரையில் சொட்டினால் பின்னால் வருகிறவருக்கு. டிராக் வழுக்குகிறது என்று எச்சரிக்கும், மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி நம்மால் காட்டப்பட்டது என்பது பெருமையான விஷயம் இல்லை. வெறும் வேர்வை என்றால் ஓட்டலாம், சொட்டினால் டிரெய்லரில் ஏற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, ரீகண்டிஷன், அதாவது பழைய ஷாக்கையே பிரித்துப் புதுப்பிப்பது. சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் கேட்டால் செய்து தருகிற பட்டறை கிடைக்கும், செலவு புதியதில் ஒரு சிறு பங்குதான். நானும் ஒரு தடவை கொடுத்தேன், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குழாயில் சின்ன ஓட்டை போட்டு வாயுவையும் எண்ணெயையும் வெளியேற்றினார். லேத்தில் மேல்முனையை வெட்டினார். புது சீல், புது எண்ணெய், திரும்ப வெல்டிங், கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட். கை சுத்தமான கைதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று விஷயம் உறுத்தியது. போன வாயு திரும்ப வரவில்லை. ஊற்றிய எண்ணெய் எந்தப் பதம் என்று கேட்டதற்கு, "நல்லா கெட்டியா இருக்கும் சார், குலுங்காது" என்றார். ஷாக்குக்குள் இருக்க வேண்டியது மெல்லிசான எண்ணெய். கெட்டியாக ஊற்றினால் குளிரில் கட்டை போல நிற்கும், சூடானால் வேறு மாதிரி நடக்கும். மூன்றாவது, இடதும் வலதும் ஒரே அளவுதானா என்று பார்க்க அங்கே கையைத் தவிர வேறு கருவி இல்லை.

வேன், டாக்ஸி, கிராமத்துக்குப் போய்வரும் கார் என்றால் இது பிழைக்கும் வழி, நான் எதிர்க்க மாட்டேன். டிராக்குக்கு வேண்டாம். உயர் அழுத்த மோனோட்யூபை இப்படி வெட்டக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதற்குள் இருபது பாருக்கு மேல் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு இருக்கும், விஷயம் தெரியாமல் கிரைண்டரை வைத்தால் பட்டறைக்காரர் கைதான் போகும்.

மூன்றாவது, பிரிக்க முடியாதபடி சீல் வைத்த புது ஷாக். கம்பெனி ஒரிஜினலோ, கேப்ரியல் மாதிரி கடையில் கிடைப்பதோ. சலிப்பான பதில் என்று தெரியும், ஆனால் நிறைய பேருக்கு இதுதான் சரியான பதில். டிராக் கார் என்றாலே அட்ஜஸ்ட் செய்கிற திருகு வைத்த, கலர் கலரான ஷாக்தான் வேண்டும் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. கம்பெனியே போட்டுத் தரும் ஸ்டாக் ஸ்பிரிங்கோடு, மாதம் ஒரு நாள் ஓட்டுகிறவருக்குப் புது ஸ்டாக் ஷாக் கொடுக்கிற நம்பிக்கை, யாரோ மூன்று சீசன் ஓட்டிவிட்டு விற்ற இம்போர்ட்டட் செட்டில் வராது. ஸ்டாக் வகுப்பில் போட்டிக்கு ஓடுகிறவர்கள் விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். முன் என்றால் முன் இரண்டும், பின் என்றால் பின் இரண்டும். ஸ்விஃப்ட்டில் பின்பக்க ஷாக் ஸ்பிரிங்கிலிருந்து தனியாக நிற்கும். மேலே ஒரு நட், கீழே ஒரு போல்ட், வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் தொடக்கூடாது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் இருக்கிற இரண்டு போல்ட்டைக் கழற்றினாலே கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) நகரும், முடித்ததும் அலைன்மெண்ட் கட்டாயம். அதனால் செலவுக் கணக்கும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. புது இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து தடவை முழுசாக இழுத்து அமுக்குங்கள். பெட்டியில் படுத்துக் கிடந்தபோது உள்குழாயில் ஏறிய காற்று போய்விடும். பம்ப் ஸ்டாப்பர் (ஷாக் அடிவரை போய் முட்டாமல் தடுக்கும் ரப்பர்), தூசி பூட், மேல் மவுண்ட் மூன்றையும் கூடவே வாங்கிவிடுங்கள். பழைய கிழிந்த பூட்டை அப்படியே மாட்டினால் மண் போய் ராடில் தேய்க்கும், ஆறு மாதத்தில் திரும்ப ஈரம்.

நான்காவது, பிரித்துச் சரிசெய்யக் கூடிய மோனோட்யூப் அல்லது காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருப்பது). மோனோட்யூப், கிறிஸ்டியன் பூர்சியே டி கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய வடிவம். பில்ஸ்டீன் 1957-ல் மெர்சிடிஸ் கார்களுக்காகச் செய்யத் தொடங்கியது. ஒரே குழாய், எண்ணெயையும் வாயுவையும் நடுவில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரிக்கும். அதனால் நுரைக்காது. குழாய் நேராகக் காற்றில் படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும். இருபது நிமிட செஷனில் கடைசி லேப் வரை முதல் லேப் மாதிரியே இருக்கும் என்றால் மிகைதான், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதுவும் கசியும். கசிந்தால் அழுத்தம் இறங்கும், பிஸ்டனுக்குப் பின்னால் எண்ணெய் குமிழ்விடத் தொடங்கும். வித்தியாசம் என்னவென்றால், இதைத் தூக்கிப் போட வேண்டாம். புது சீல் கிட், சரியான எண்ணெய், நைட்ரஜன், பிறகு டைனோவில் (ஷாக்கின் எதிர்ப்பை அளந்து வரைபடம் போடும் இயந்திரம்) வைத்து இடது வலது இரண்டின் கோடும் ஒன்றாக வருகிறதா என்று ஒரு சோதனை. பார்க்க வேண்டியது ஷாக்கின் விலையை அல்ல. உங்கள் மாடலுக்கு சீல் கிட் கிடைக்குமா, நைட்ரஜனும் டைனோவும் வைத்திருக்கிற ஆள் எந்த ஊரில் இருக்கிறார், அனுப்பித் திரும்ப வர எத்தனை வாரம் என்று பாருங்கள். பதில் இல்லாமல் வாங்கினால் கையில் இருப்பது ரொம்ப விலை உயர்ந்த சீல் வைத்த ஷாக், அவ்வளவுதான். ராடில் கீறல் இருந்தால் சீல் மாற்றி என்ன பயன்? ராடையே மாற்ற வேண்டும்.

கீறல் என்றதும் என் கதைக்கே வருகிறேன். அந்த பின் ஷாக்கைக் கழற்றி, ராடை முழுசாக இழுத்துத் துடைத்து, நகத்தை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டினேன். ராடின் மேல்பாதியில் நகம் டக் டக் என்று நாலு இடத்தில் தட்டியது. பிளையர் பல் பதிந்த தடம். எப்போதோ யாரோ மேல் நட்டை இறுக்கும்போது ராடு கூடவே சுற்றியிருக்கிறது, நுனியில் ராடைப் பிடிக்க இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, பளபளப்பான குரோமை பிளையரால் கவ்வியிருக்கிறார். ஒவ்வொரு முறை ஷாக் ஆழமாக அமுங்கும்போதும் அந்த நாலு பல்லும் சீலை அறுத்திருக்கின்றன. ரீகண்டிஷன் செய்தும் அதே ராடுதானே உள்ளே போனது, இரண்டு மாதத்தில் மறுபடி ஈரம். எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

முன்பக்கம் கசிந்ததற்குக் காரணம் நானே. காரைத் தாழ்த்த குட்டை ஸ்பிரிங் போட்டேன், ஷாக் ஸ்டாக். உட்கார்ந்த நிலையிலேயே ராடு பாதிக்கு மேல் உள்ளே போய், டிராக் ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு கெர்ப் மேட்டிலும் பம்ப் ஸ்டாப்பரில் போய் முட்டியது. அங்கே எந்தப் புது ஷாக் போட்டிருந்தாலும் ஒரு சீசன்தான். ஸ்பிரிங்கைப் பழையபடி ஸ்டாக்குக்கு மாற்றியதும் பிரச்சினை நின்றது.

இப்போது பின்னால் புது ஸ்டாக் ஜோடி, முன்னால் ஸ்டாக் ஸ்பிரிங்கோடு புது ஸ்ட்ரட். மோனோட்யூப் ஆசை இருக்கிறது. பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பி வாங்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை டிக்கியில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய இன்னொரு பின் ஜோடியும் பவுடர் டப்பாவும் கிடக்கின்றன. மேல் நட்டை மட்டும் இப்போதெல்லாம் நானேதான் இறுக்குகிறேன்.