வாசலில் வைத்து வேலை பார்க்க பழைய டீசலா, பெட்ரோலா? கடலூரில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ். சின்ன வேலைகளை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ள நினைக்கிறவர் அதை நாலாவது ஐந்தாவது கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். முதல் கேள்வி, பானெட்டைத் திறந்தால் உங்கள் கைக்கும் உங்கள் ஸ்பேனருக்கும் எவ்வளவு எட்டும் என்பதுதான்.

எங்கள் வீட்டில் சில வருடங்களாக இரண்டு வண்டிகள். ஒன்று 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் ஹேட்ச்பேக், அதாவது ரெயில் என்ற ஒரே அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை. இன்னொன்று ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல். இரண்டும் 2012 வாக்கில் வந்தவை, இரண்டும் செகண்ட் ஹேண்ட். டீசல் தினமும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பாண்டிக்குப் போய்வருகிறது. பெட்ரோல் வண்டி மஞ்சக்குப்பம், பள்ளிக்கூடம், எப்போதாவது நெல்லிக்குப்பம் என்று உள்ளூரிலேயே சுற்றுகிறது. ஆயில் மாற்றுவதிலிருந்து பிரேக் பேட் வரைக்கும் இரண்டுக்கும் நானேதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் கிரீஸ் படுவது பிடிக்கும், ஓட்டம் குறைவு என்றால் பெட்ரோல். தினசரி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் உறுதியாக ஓடும் என்றால் டீசல். ஆனால் டீசலில் பாதி எஞ்சின்தான் உங்கள் கையில். மீதி, டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுதுபார்க்கும் பம்ப் கடைக்காரர் கையில்.

சந்தையில் அந்த வருடத்து டீசல் கார்கள் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தார்கள். டீசலுக்கு அது 2014 அக்டோபரில்தான் போனது. இடைப்பட்ட காலத்தில், 2012 நடுவில், இரண்டுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஓட்டம் இல்லாதவர்கள்கூட டீசல் வாங்கினார்கள். இப்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது, வண்டிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே நிறுத்திவிட்டது. ஆனால் ஃபியட் வழி வந்த அந்த 1.3 எஞ்சினை மாருதி, டாடா, ஃபியட் மூன்று பேரும் போட்டிருப்பதால் பார்ட்ஸுக்கு இன்னும் அலைய வேண்டியதில்லை. டைமிங் செயின் வைத்த எஞ்சின் அது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் செயின் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கடகடவென்று சத்தம் வரும். பார்க்கப் போகும்போது, "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல விஷயங்களை மறைத்துவிடும்.

டீசலில் வீட்டிலேயே முடிகிற வேலைகள் நிறைய உண்டு. ஆயில், ஏர் பில்டர், டீசல் பில்டர், இஜிஆர் வால்வை (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு) கழற்றிக் கரி சுரண்டுவது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஓஸ்கள். என் வண்டி ஒருமுறை ரெட்டிச்சாவடி தாண்டியதும் இழுவை இல்லாமல் போய், மிதித்தால் கரும்புகை தள்ளியது. டர்போ போச்சு என்று ரோட்டோரத்தில் ஆளாளுக்குத் தீர்ப்பு. வீட்டுக்கு மெதுவாக ஓட்டிவந்து பார்த்தால், டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஓஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். சும்மா நிற்கும்போது வாய் மூடியிருக்கும், டர்போ காற்றைத் தள்ளும்போது மட்டும் திறக்கும். அதனால்தான் மேலிருந்து பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டியிருந்ததுதான் துப்பு. புது ஓஸ், இரண்டு கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர். வேலை முடிந்தது. பழைய டீசலில் இழுவை குறைந்து கரும்புகை வந்தால், டர்போவைச் சந்தேகிக்கும் முன் ஓஸ்களைக் கையால் அமுக்கி, வளைத்துப் பாருங்கள்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், மீதியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கும் ரிட்டர்ன் டெஸ்ட்டும் வீட்டிலேயே செய்யலாம். மெடிக்கலில் டிரிப் டியூப் வாங்கி, நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வாயிலும் ஒவ்வொன்று செருகி, ஒரே அளவான நான்கு பாட்டில்களில் விட வேண்டும். பழைய ரிட்டர்ன் லைனின் வாயை அடைத்துவிட்டு ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டால், எந்த பாட்டில் மற்றதைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டருக்கு வயசாகிவிட்டது. ரிட்டர்ன் லைனில் அழுத்தம் குறைவு, அதனால் பயமில்லை. ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுபோகும் ஸ்டீல் பைப் அப்படியல்ல. அந்த ரெயிலில் 1,600 பார் வரை அழுத்தம் ஏறும். என்னுடையதுபோன்ற சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் (எம்பிஎஃப்ஐ) வண்டியின் ரெயிலில் சுமார் 3 பார்தான். பழைய லாரியில் செய்வதுபோல, எஞ்சின் ஓடும்போதே நட்டை லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்கும் பழக்கம் இதில் ஆகவே ஆகாது. ஊசிமுனை அளவு பீய்ச்சினால்கூட டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம். நான் போகிற பம்ப் கடை அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தம்பி, ரப்பர் வரைக்கும் நீ, இரும்பு பைப்புன்னா நான்." அதை இன்றுவரை மீறவில்லை. இன்னொன்றும் உண்டு. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டை எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூவில் ஏற்ற வேண்டும். ஆன்லைனில் வாங்கும், எஞ்சின் கோளாறைப் படித்துக்காட்டும் சின்ன புளூடூத் ஸ்கேனர் அந்த வேலைக்கு ஆகாது.

குளிரில் ஸ்டார்ட் ஆக டீசல் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ ப்ளக்கைப் பற்றி வடநாட்டு வீடியோக்களில் நிறையப் பேசுவார்கள். நம் கடற்கரைச் சூட்டில் அது செத்துப்போனால்கூடப் பெரும்பாலும் தெரியாது, மார்கழிக் காலையிலும் வண்டி பிடித்துக்கொள்ளும். சும்மா மாற்றிவைப்போம் என்று கழற்றப் போகாதீர்கள். துருவேறி இறுகிய குளோ ப்ளக் உள்ளே முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். அப்புறம், டீசலில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும். அது சகஜம்.

சரி, பெட்ரோலுக்கு வருவோம். இதில் சொல்ல அவ்வளவு இல்லை, அதுதான் அதன் நல்ல குணம். ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பிடித்திருக்கும் பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழற்றினால் காயில் கையோடு வரும், கீழே ப்ளக். மிஸ்ஸிங் வந்தால் மூன்று காயில்களையும் இடம் மாற்றிப் போட்டு, தொந்தரவு எந்த சிலிண்டருக்கு நகர்கிறது என்று அந்தச் சின்ன ஸ்கேனரிலேயே பார்த்துவிடலாம். ப்ளக் துளையிலேயே கேஜை மாட்டி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கலாம். டீசலில் அதே சோதனைக்கு இன்ஜெக்டரையோ குளோ ப்ளக்கையோ கழற்ற வேண்டும், கேஜும் வேறு. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியைத் துடைக்க ஒரு ஸ்ப்ரேயும் பழைய பனியன் துணியும் போதும்.

ஆனால் பெட்ரோலிடம் ஒரு பயம் இருக்க வேண்டும். டீசல் சிந்தினால் வழுக்கும், நாறும். பெட்ரோல் சிந்தினால் எந்தச் சீதோஷ்ணத்திலும் ஆவி கிளம்பும், ஒரு பொறி போதும். பெட்ரோல் லைனைத் தொடும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், பூஜை விளக்கு எரியும் பக்கம் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2012 வண்டி அதற்காகச் செய்ததல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், லிட்டருக்குத் தரும் சக்தியும் குறைவு. அதனால் நான் பெட்ரோல் ஓஸ்களைப் புதிதாக மாற்றிவிட்டேன், வண்டியை வாரக்கணக்கில் சும்மா நிறுத்துவதும் இல்லை. மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மறுக்கவில்லை.

டீசலே எடுப்பது என்று முடிவானால், புகைக் கட்டுப்பாட்டு விதியில் பிஎஸ்-4 வண்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடுத்து வந்த பிஎஸ்-6 டீசலில் இருக்கும் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி, சேர்ந்த கரியைத் தானே எரித்துத் தீர்க்க நீண்ட ஓட்டம் கேட்கும். மஞ்சக்குப்பத்துக்குள்ளேயே சுற்றுகிற வண்டியில் அது அடைத்துக்கொண்டு நிற்கும். அதை ஸ்பேனரால் சரிசெய்ய முடியாது.

இந்தப் பக்கத்தில் வாங்குகிறவர்கள் எரிபொருளைவிட இரண்டு விஷயங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று துரு. தேவனாம்பட்டினம் பக்கமோ பாண்டிக் கடற்கரை ஓரமோ நின்ற வண்டி என்றால் கீழே படுத்து பிரேக் பைப், சைலன்சர் பிராக்கெட், சப் பிரேம் போல்ட் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலை துருவில் உருண்டையாகிவிட்டால் வீட்டு வேலை என்பதே கனவு. இன்னொன்று வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரையேறியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கரை மீறி கடலூரின் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. அதில் நின்ற வண்டிகளும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து வண்டல் கறை இருக்கிறதா பாருங்கள், ஸ்டெப்னிக் குழிக்குள் கையை விட்டுத் தடவுங்கள், ஒயரிங் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு தெரிகிறதா பாருங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறியபோது ஸ்டார்ட் பண்ணியிருந்தால் டீசலில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கம்ப்ரஷன் விகிதம் அதற்கு 17-க்கு மேல், பெட்ரோலுக்குப் பத்துச் சொச்சம்தான்.

கடைசியாகக் காகிதம். பிஒய்-01 என்ற பாண்டி நம்பர் வண்டி பார்க்க மலிவாகத் தெரியும். கடலூரில் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் பாண்டி ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபனை இல்லை சான்று) வாங்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் கடலூரின் டிஎன்-31 எண்ணுக்கு மாற்றியாக வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு விலை பேசுங்கள். 2012 வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது. அதன்பின் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாக ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் கொண்டுவந்ததுபோல டீசலுக்குப் பத்து வருடத் தடை இங்கே இல்லை. அதைச் சொல்லி புரோக்கர் யாராவது உங்கள் டீசலை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.