மாடல் நீராவி இன்ஜினைப் புதுச்சேரியில் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

"பழைய பொருள் எதுவானாலும் புதுசாக்கித் தரப்படும்" என்று கார்டு அச்சடித்து, மாடல் நீராவி இன்ஜின்களையும் (நிஜமாகவே நீராவியில் ஓடும் குட்டி ரயில் இன்ஜின்கள்) ரிப்பேருக்கு வாங்கும் பட்டறை ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில்தான் அந்தக் கார்டு என் கைக்கு வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அங்கே என்ன செய்து கொடுத்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பணம் போனதை விடுங்கள். அந்த இன்ஜினில் நெருப்பு வைத்திருந்தால் யாராவது ஒருவருக்கு முகம் வெந்திருக்கும்.

இன்ஜின் என் மாமனாருடையது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. ஓய்வு பெற்றுப் பென்ஷனோடு ஊர் திரும்பியபோது பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்தது. 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும், அசலில் 22.5-இல் ஒரு பங்கு அளவு என்பதால் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், வரும். கடலூர் வழியாகப் போகும் விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையில் முன்பு இருந்ததும் மீட்டர் கேஜ்தான். அதனால் எங்கள் வீட்டில் அந்த இன்ஜினுக்கு ஒரு தனி மரியாதை. செம்பு பாய்லர், பியூட்டேன் கேஸ், 40 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வந்ததும் திறந்து நீராவியை வெளியே விட வேண்டிய சேப்டி வால்வு. கோளாறு என்று பார்த்தால் பாய்லரின் பின்தட்டு ஓரத்தில் கசிவு, வால்வில் சொட்டு, பர்னரில் நெருப்பு மங்கல். இவ்வளவுதான்.

பட்டறைக்காரர் நன்றாகவே பேசினார். "சார், பாய்லர் மொத்தத்துக்கும் சில்வர் பிரேசிங் போட்டுடறோம், லைஃப் லாங் கவலை இல்ல" என்றார். வெள்ளி கலந்த பற்றை உருக்கி இணைப்பதுதான் சில்வர் பிரேசிங். பில் 14,000 ரூபாய். அதில் "சில்வர் பிரேசிங் - 6,500" என்று தனி வரி. டெஸ்ட் எடுத்ததாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் வந்தது. பஞ்சர் கடை கம்ப்ரசர் டியூபைப் பாய்லரில் மாட்டி, பக்கெட் தண்ணீரில் முக்கிக் காட்டுகிறார். அழுத்தம் காட்டும் மீட்டர் எங்கேயும் கண்ணில் படவில்லை. பாய்லரைக் காற்றடித்துச் சோதிப்பதே தவறு. தண்ணீர் அழுத்தத்துக்குச் சுருங்காது. பாய்லர் விட்டுப்போனாலும் பொசுக்கென்று நாலு சொட்டு பீறிடுவதோடு சரி. அழுத்திய காற்று அப்படியில்லை, வெடித்துத் துண்டுகளை வீசும்.

இன்ஜின் திரும்பி வந்தபோது கண்ணைப் பறித்தது. கறுப்பு பெயின்ட் கொழகொழவென்று இரண்டு மூன்று கோட்டு. பித்தளையை எல்லாம் பஃபிங் போட்டுப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள், தயாரிப்பாளர் தகட்டில் இருந்த எழுத்து பாதி மழுங்கிப்போகும் அளவுக்கு!

எங்கள் தெருவில் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். "நெருப்ப அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, மொதல்ல பச்சத்தண்ணில பாத்துடுவோம்" என்றார். பிளம்பர்கள் பைப் டெஸ்ட் எடுக்கும் கைப்பம்பை எங்கிருந்தோ வாங்கிவந்தார். புதிய பாய்லரை ஓடும் அழுத்தத்தின் இரு மடங்கு வரைக்கும், பழையதை ஒன்றரை மடங்கு வரைக்கும் தண்ணீரில் ஏற்றிப் பார்ப்பது இந்தத் துறையில் வழக்கம். எங்கள் இன்ஜினுக்கு அது 60 பிஎஸ்ஐ. முள் 25-ஐத் தொடும்போதே பின்தட்டு ஓரத்தில் பெயின்ட் குமிழ்விட்டு, அதைக் கிழித்துக்கொண்டு தண்ணீர் வந்தது.

பெயின்டைச் சுரண்டினால் உள்ளே எம்-சீல். அதையும் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் ஈயம். பிளேடால் கீறினாலே வழித்துக்கொண்டு வருகிறது. ரேடியோ ரிப்பேருக்கு வைக்கும் அதே சால்டர்! வெள்ளி கலந்த பற்று உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்தச் சால்டருக்கு 190 டிகிரி போதும். 40 பிஎஸ்ஐயில் நீராவியே 140 டிகிரியைத் தாண்டி நிற்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை எப்படியோ தாக்குப்பிடிக்கலாம். தண்ணீர் மட்டம் இறங்கி, நெருப்பு படும் இடம் ஒரு முறை காய்ந்தால் போதும், பற்று உருகி வழிந்துவிடும்.

சேப்டி வால்வைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அண்ணனுக்குக் கோபம் வந்தது. பழைய ஸ்பிரிங் காணோம். தடித்த ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் வரை இறுக்கியிருந்தார்கள். எவ்வளவு அழுத்தம் ஏறினாலும் அது திறக்க வழியே இல்லை. குக்கர் வெயிட்டைக் கம்பி போட்டுக் கட்டி அடுப்பில் ஏற்றுவது போலத்தான். வால்வு சொட்டுவது பெரும்பாலும் அது உட்கார்ந்து மூடும் இடத்தில் உப்பு படிவதால். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துடைத்திருந்தால் தீர்ந்திருக்கும். சொட்டு நிற்க வேண்டும் என்பதற்காக வால்வையே சாகடித்திருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம். பர்னருக்குக் கேஸ் வரும் சின்னத் துளையான ஜெட்டில் ஊசியை விட்டுக் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தார்கள். நெருப்பு மஞ்சளாக எட்டிப் பாய்கிறது. ஜெட்டில் அடைப்பு என்றால் தின்னரில் ஊறவைத்துப் பின்பக்கமிருந்து ஊத வேண்டும், குத்தவே கூடாது. எண்ணெய்க் கிண்ணத்தில் ஸ்டீம் சிலிண்டர் ஆயிலுக்குப் பதில் பைக் இன்ஜின் ஆயில். ஈர நீராவியில் அது நிற்காமல் கழுவிக்கொண்டு போய்விடும், பிஸ்டன் வறண்டு தேயும்.

இனிமேல் ஒழுங்காகச் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் பெரிய நஷ்டம். ஈயம் தொட்ட செம்பில் வெள்ளிப் பற்று சரியாகப் பிடிக்காது. பிரேசிங் சூட்டில் அந்த ஈயம் செம்புக்குள் இறங்கி இணைப்பையே பலவீனமாக்கிவிடும். விஷயம் தெரிந்த ஆட்கள் ஈயம் பட்ட பாய்லரைத் தொடவே யோசிப்பார்கள். ஈயத்தை ஒரு துளி விடாமல் அரத்தால் ராவி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டையே புதிதாக வெட்டிப் போட வேண்டும். செம்புக் குழாய்களைப் பற்றவைக்கும் ஏசி மெக்கானிக்கிடம் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி. நிலக்கரி எரிக்கும் இன்ஜினுக்கு அது ஆகவே ஆகாது, கரிப்புகையில் இருக்கும் கந்தகம் அந்த இணைப்பை அரித்துவிடும்.

பட்டறைக்குப் போன் போட்டேன். "நெருப்பு வைக்காம ஷோகேஸ்ல வைக்கத்தானே சார் கேட்டீங்க" என்றார். நான் அப்படிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பில்லில் எதற்குச் சில்வர் பிரேசிங்? பழைய ஸ்பிரிங்கைக் கேட்டதற்கு, "தேஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டோம்" என்று பதில்.

25 லிட்டருக்குக் குறைந்த பாய்லர் எதுவும் பாய்லர் சட்டத்துக்குள் வராது. நம் இன்ஜின்களில் அரை லிட்டர் பிடித்தாலே பெரிது. ஆகவே எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பார்க்கப் போவதில்லை. எங்கே கொடுத்தாலும் பெயின்ட் அடிப்பதற்கு முன் வெறும் செம்பாக இருக்கும்போதே போய்ப் பாருங்கள். மீட்டர் தெரிய உங்கள் கண்ணெதிரே தண்ணீர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கிவிடுங்கள். அதற்கு இழுத்தடிக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

அந்தக் கையெழுத்து பில்தான் இப்போது எனக்குப் பெரிய ஆதாரம். கடை புதுச்சேரியில், நான் கடலூரில். மாநிலம் வேறு என்று சிலர் பயமுறுத்தினார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்தேன், அப்புறம் கடலூரில் மனு கொடுத்திருக்கிறேன்.

இதே கார்டை நம்பி ஏற்கெனவே இன்ஜினைக் கொடுத்துத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே சேப்டி வால்வைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பாருங்கள். தண்ணீர் டெஸ்ட் எடுக்கும்வரை நெருப்பு வைக்காதீர்கள். பில்லைக் கிழித்துப் போடாமல் என்னைத் தொடர்பு கொள்ளுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.